ஆஸ்துமாக்காரத் தம்பி

பம்பாய் ரயில் தம்பானூர் ஸ்டேஷனில் நின்று, பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கிப் போன பிறகும் நான் ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பையைத் தூக்கத் தெம்பில்லை. எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் பிளாட்பாரத்தில் ஒவ்வொரு ஜன்னலாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வருவது தெரிந்தது. என் பெட்டிக்குள் ஏறினான். என்னைப் பார்த்தான்; பார்த்துவிட்டுத் தாண்டிப் போனான். மறுகோடி வரைக்கும் போய், அங்கே யாரும் இல்லை என்று கண்டு, கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகுதான் திரும்பினான். பதினோரு வருடம் கழித்துத் தம்பியைக் கூட்டிப்போக வந்தவன் அவன். அந்தப் பெட்டியில் பச்சைச் சேலை கட்டிய, எலும்பும் தோலுமான ஒரு பெண் மட்டும்தான் இருந்தாள்.

எப்படி இருக்கிறாய் என்று அவன் கேட்கவில்லை. கையிலிருந்த துணிப்பையை நீட்டினான். “கக்கூசுல போய் மாத்திட்டு வா. வண்டிய யார்டுக்குக் கொண்டு போயிருவான்” என்றான். பைக்குள் அவனுடைய கட்டம் போட்ட சட்டை ஒன்றும் வேட்டியும் இருந்தன. இரண்டும் துவைத்து இஸ்திரி போட்டவை. கதவை உள்ளே தாழ்போட்டு, குழாயைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் சேலையை அவிழ்த்தேன். அண்ணன் வெளியே கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றிருக்கிறான் என்பது கதவு அசையாததிலிருந்து தெரிந்தது. சட்டை என் தோளில் நிற்கவில்லை. நான் அவ்வளவு சுருங்கியிருந்தேன். வெளியே வந்ததும் அவன் என் முகத்தைப் பார்க்காமல் சேலையை வாங்கிப் பைக்குள் திணித்தான். “நடக்க முடியுமாலே?” என்று கேட்டான். நான்கு அடி நடந்து காட்டினேன். அவன் குனிந்து முதுகைக் காட்டினான். பாலத்தின் படிகளில் என்னை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஏறி, இறங்கி, ஆட்டோவில் உட்கார வைத்தான். வழியில் எல்லாரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். சுகமில்லாத தம்பியைச் சுமக்கிற அண்ணனுக்கு யார்தான் வழிவிட மாட்டார்கள்? சேலையோடு சுமந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

அண்ணனைப் பற்றி நான் யாரிடம் சொன்னாலும் இந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்குவேன். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டிய இரண்டும் அதிலேயே இருக்கின்றன. அவன் என்னைச் சுமந்தான். சட்டை போட்ட பிறகுதான் சுமந்தான்.

எங்கள் அப்பா நாகர்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்து, ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்கு நடுவே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டவர். சுமை தூக்குகிறவர்கள், கடைச் சிப்பந்திகள், லாரிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் சாப்பிட்டார்கள். கீழே கடை, மேலே வீடு. எனக்கு எட்டு வயதாகும்போது அப்பா போனார்; அடுத்த வருடமே அம்மாவும் போனாள். அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். இருபத்தொரு வயதில் கடையையும் என்னையும் சேர்த்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். என்னை அவன் நன்றாகத்தான் வளர்த்தான். பதினைந்து வயதில் அம்மாவின் பெட்டியைத் திறந்து நான் சேலை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை அவன் கண்டபோது, இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அடித்தான். அடித்து முடித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்து அழுதான். பத்தொன்பது வயதில் நான் ஒரு சீட்டும் எழுதி வைக்காமல் பம்பாய் போய்விட்டேன். அங்கே என்னைப் போன்றவர்களோடு வாழ்ந்தேன். திருநங்கை என்ற மரியாதையான சொல் அப்போது எங்கள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. ஆனால் பெண்ணாக வாழ்ந்தேன். நோயும் அங்கேதான் வந்தது. எச்.ஐ.வி. என்று டாக்டர் சொன்னார். மருந்து என்று ஒன்று இருப்பதாகவும், அது எங்கள் கைக்கு எட்டாது என்றும் அவரே சொன்னார். கூட இருந்த இருவர் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாவது நான் என்று தெரிந்ததும், கூட இருந்த ஒருத்தி எங்கள் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு அண்ணனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.  அண்ணன், “வரச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னானாம்.

வீட்டில் எனக்கென்று ஒரு நோய் தயாராக இருந்தது. தம்பி பம்பாயில் பெயின்ட் கம்பெனியில் வேலை பார்த்தான், அந்த நெடியில் ஆஸ்துமா பிடித்துவிட்டது என்று அண்ணன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருந்தான். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். மைனிக்கு உண்மை தெரியும். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவர்கள் மகளுக்கு ஆஸ்துமாதான். மேல்மாடியில் பின்பக்கத்து அறை எனக்கு. அடுப்படிக்கு நேர் மேலே இருந்ததால் தரை எப்போதும் சூடாக இருக்கும். விடியலில் மாவாட்டும் சத்தம் முதுகில் வந்து இறங்கும். சந்துப் பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அதைத் திறக்கக் கூடாது. அறையில் இருந்தாலும் சட்டையும் வேட்டியும்தான். கடை திறந்திருக்கும் நேரத்தில் கீழே வரக் கூடாது. கக்கூஸ் அடுப்படிக்குப் பின்னால் இருந்தது. ஆகவே கடை திறப்பதற்கு முன்பும், மதியம் மூன்று மணிக்கு மேல் கொஞ்ச நேரமும், அடைத்த பிறகும்தான் போக முடியும். வயிறு சரியில்லாத நாட்களில் அறைக்குள்ளேயே ஒரு பக்கெட் வைத்திருந்தேன். மைனி இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு அதை எடுத்துக்கொண்டு போவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு நாளும் என்னைத் தொட்டதும் இல்லை. எனக்குத் தனித் தட்டு வைத்தார்கள் என்று நான் குறை சொல்ல வழியில்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்குமே வாழையிலைதான். என் இலையை மட்டும் மைனி எச்சில் தொட்டியில் போடாமல், காயவைத்து அடுப்பில் வைத்து எரிப்பாள்.

அண்ணனின் பயம் காரணமில்லாத பயம் என்று சொல்ல மாட்டேன். நான் வந்த வருடமே, சந்தையில் சுமை தூக்குகிற ஒருவருக்கு அந்த நோய் என்று பேச்சுக் கிளம்பியது. அவர் குடித்துவிட்டு வைத்த கிளாசை டீக்கடைக்காரர் எல்லாரும் பார்க்க ரோட்டில் போட்டு உடைத்தாராம். அந்த மனிதர் கீழே குனிந்து சில்லுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனாராம். அதன் பிறகு அவரைச் சந்தையில் யாரும் பார்க்கவில்லை. அண்ணன் அன்று மேலே வந்து, வாசற்படியில் நின்றபடியே இதை என்னிடம் சொன்னான். சொல்லும்போது அவன் கை நிலையைப் பிடித்திருந்தது. பேசுகிறவன் தன் கடையைத்தான் நினைக்கிறான் என்று அன்று எனக்குத் தோன்றியது. குனிந்து பொறுக்கியவர் முகத்தில் அவன் என்னைப் பார்த்திருப்பானோ என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அறைக்குள் மட்டும், கதவைச் சாத்திக்கொண்டு, சேலை கட்டிக்கொள்ளட்டுமா என்று. பைக்குள் அவன் திணித்த அந்தப் பச்சைச் சேலை எங்கே என்றுகூடக் கேட்டேன். அவன் என் மேல் கோபப்படவில்லை. “கீழ அம்பது பேரு சாப்பிடுகான்லே” என்றான். அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்பது போல இறங்கிப் போனான். நோயை அவன் ஏற்றுக்கொண்டான். காய்ச்சல் கண்ட நாட்களில் ஈரத்துணியோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். இருமலில் வந்ததைத் தன் கையில் ஏந்தியிருக்கிறான். அவனால் ஏற்க முடியாதது நான்தான். சாவுக்குப் பயந்து வந்தவள் நான்; அந்த வீட்டில் எனக்குள் ஒருத்தி தினமும் செத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

வெளியே போகலாம்தானே என்று கேட்பார்கள். எங்கே போவது? படியிறங்கினால் மூச்சு வாங்கும். பம்பாய் வீட்டில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. மூன்று நான்கு வருடம் அந்த அறையில் இருந்தேன். செத்துப்போவேன் என்றுதான் நான் நினைத்தேன், மைனி நினைத்தாள், அண்ணனும் நினைத்திருப்பான். அவன் மட்டும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு பெரியாஸ்பத்திரியில் மருந்து இலவசமாகத் தரத் தொடங்கினார்கள். சாப்பிட வந்த யாரோ கை கழுவும் இடத்தில் விட்டுப்போன மலையாளப் பத்திரிகையில் அதைப் படித்துவிட்டு, அண்ணன் இலை போடுவதைப் பாதியில் விட்டு மேலே ஓடிவந்தான். மறுநாளே கூட்டிப் போனான். கூடவே ஒரு சொந்தக்காரர் வந்து, தவறாமல் மருந்து சாப்பிட வைப்பேன் என்று சொன்னால்தான் கொடுப்பார்கள். அண்ணன் வரிசையில் நின்று, மேஜைக்கு மேஜை போய், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய சட்டையில் நான் தூரத்துப் பெஞ்சில் கிடந்தேன். அன்றிலிருந்து மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரி. ஒரே பஸ்ஸில் ஏற மாட்டான். நான் முன்னால் போவேன். அவன் அடுத்த பஸ்ஸில் வருவான். சந்தைக்காரர்கள் யாராவது கண்டால் என்ன என்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நிற்பான்.

மருந்து கேட்டது. ஆறு மாதத்தில் படியேறி இறங்கினேன். ஒரு வருடத்தில் கன்னத்தில் சதை வந்தது. உடம்பு தேறத் தேற அந்த அறை சின்னதாகிக்கொண்டே வந்தது. சாகக் கிடந்தபோது அதில் இடம் போதுமானதாக இருந்தது. இப்போது கை நீட்டினால் சுவர் இடித்தது. ஒரு நாள் மதியம் கடையில் வேலையாள் வரவில்லை என்று மைனி தவித்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் உரித்துத் தருகிறேன் என்று இறங்கினேன். சின்ன வயதில் ஒரு மூட்டை உரித்தவள் நான். மைனி கத்தியை எடுத்துப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “வேண்டாம் தம்பி. நீ மேல போ” என்றாள். அவள் குரலில் வெறுப்பு இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. வெறுத்திருந்தால் அந்த நாள் நான் வீட்டை விட்டுப் போயிருப்பேன்.

அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும், பெண் பார்க்க வருகிறவர்கள் மாடி ஏறிப் பார்க்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. நான்கு நாள் தம்பானூரில் ஒரு லாட்ஜில் இரு என்று அண்ணன் என்னிடம் சொன்னான். சொல்லும்போது தரையைப் பார்த்தான். சரி என்றேன். லாட்ஜுக்குப் போகும் வழியில், சாப்பாட்டுக்கென்று அவன் கொடுத்ததில் சாலைக் கடைவீதியில் ஒரு நூல் சேலை வாங்கினேன். அறைக் கதவைச் சாத்திக் கட்டினேன். ஏழு வருடமாகியும் கை மறக்கவில்லை. மடிப்பு தானாக வந்து விழுந்தது. கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, ஸ்டேஷனுக்கு வருகிற போகிற ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் அண்ணன் கூட்டிப்போக வந்தான். மாற்றிக்கொள்ள நேரம் இருந்தது. படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது. நான் மாற்றவில்லை. கதவைத் திறந்தேன். அவன் வாசலிலேயே நின்றான். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அவனுக்குப் பின்னால் நடையில் ஒருவர் போனபோது, தன் உடம்பால் வாசலை மறைத்துக்கொண்டான்.

“நான் வரல அண்ணா” என்றேன்.

“மருந்து விட்டுராத, கேட்டியா” என்றான். அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டான்.

அதே ஊரில், கரமனையில் என்னைப் போன்ற ஒருத்தி தையல் மெஷின் வைத்து அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அவளோடு சேர்ந்துகொண்டேன். அந்த மாதம் ஆஸ்பத்திரிக்கு அண்ணன் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். போனபோது தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். சேலையில் வந்த என்னைப் பார்த்தான், வரிசைக்குப் போனான். அடுத்த மாதமும் வந்தான். முதலில் ஒரு பெஞ்சு தள்ளி உட்காருவான். ஒரு வருடத்தில் அதே பெஞ்சின் மறுகோடிக்கு வந்தான். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. கல்யாணச் சாப்பாட்டிலிருந்து பாயசத்தைத் தூக்குவாளியில் அடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். சம்பந்தக்காரர்கள் நல்ல மாதிரி என்றான். தம்பிக்கு ஆஸ்துமா, பம்பாயில் இருக்கிறான் என்று அவர்களிடம் சொல்லியிருப்பதாகவும் சொன்னான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே பாயசத்தைக் குடித்தேன். அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் வார்த்தைக்கு வார்த்தை என்னை ‘லே’ போட்டுப் பேசுவான். ஆண்பிள்ளைகளைத்தான் எங்கள் பக்கம் அப்படிக் கூப்பிடுவது. அது அவன் பேச்சிலிருந்து உதிர்ந்துவிட்டிருந்தது. அதற்குப் பதில் வேறெதுவும் வரவில்லை. எந்த விளியும் இல்லாமல், “சாப்பிட்டாச்சா”, “இருமல் உண்டா” என்று மொட்டையாகக் கேட்பான். ஒரு சொல்லை எடுத்துவிட்டு, வைக்க வேறு சொல் கிடைக்காமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். கிடைக்கட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தேன்.

கிடைப்பதற்குள் அவன் போய்விட்டான். காலையில் கடையில் சாம்பார் வாளியைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மைனிதான் போன் செய்தாள். அவள் எனக்குப் போன் செய்தது அது முதல் தடவை.

“அண்ணன் போயாச்சு” என்றாள். அழுகைக்கு நடுவே, தம்பி இருக்கும்போது வேறு யாரும் கொள்ளி வைக்கக் கூடாது என்று நாகர்கோவிலிலிருந்து வந்த பெரியவர்கள் சொல்வதாகவும், தம்பி வந்துகொண்டிருக்கிறான் என்று தான் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

“எப்பிடி வரணும் மைனி?” என்று கேட்டேன்.

 அவளுக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. “சம்பந்தக்காரங்க எல்லாம் வந்தாச்சு” என்றாள்.

தையல் மெஷின் மேல் வளையல்களைக் கழற்றி வைத்தேன். கூட இருந்தவள், போகாதே என்றாள். அவர்களுக்கு வேண்டியது நீ அல்ல என்றாள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு அது கடைசித் தேவை என்று நினைத்தேன். அவன் கட்டிக் காத்த பொய் அவன் பிணத்துக்கு முன்னால் உடைந்து, சில்லுகளை மைனி குனிந்து பொறுக்க வேண்டாம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சட்டை வாங்கிப் போட்டு, கூந்தலைத் துண்டுக்குள் சுருட்டிக் கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். மொட்டை போட்டார்கள். இடுப்புக்கு வளர்ந்திருந்த முடி ஈரத்தோடு தரையில் விழுந்தது; அம்பட்டர் அதைப் பார்த்து ஒரு கணம் நிறுத்திவிட்டு, மறுபடி கத்தியை வைத்தார். குடம் சுமந்து சுற்றினேன். கொள்ளி வைத்தேன். அண்ணன் மருமகன் என் தோளைத் தாங்கிக்கொண்டு, “ஒங்க ஆஸ்துமாவ நெனச்சுத்தான் மாமா எப்பவும் வருத்தப்படுவாரு” என்றான். அண்ணன் மகள் தலை குனிந்து பக்கத்தில் நின்றாள். காரியம் முடியும்வரை பதினாறு நாளும் அந்த வீட்டில் இருந்தேன். படுக்க அதே மேல்மாடி அறைதான். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கலாம். இப்போது யாரும் சாத்தச் சொல்லவில்லை. நானாகவே சாத்தி வைத்திருந்தேன். பதினாறாம் நாள் எல்லாருக்கும் முன்னால் எனக்குப் புது வேட்டி கொடுத்து, தலைப்பாகை கட்டினார்கள். அண்ணனுக்கேற்ற தம்பி என்று பெரியவர்கள் மெச்சினார்கள். மைனி என் காலில் விழப்போனாள். நான் விலகிக்கொண்டேன்.

அடுத்த ஆஸ்பத்திரி நாள் தனியாகப் போனேன். மொட்டைத் தலையைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தேன். மருந்து கொடுக்கும் மேஜையில் இருந்த நர்ஸ் ஆரம்பத்திலிருந்தே அங்கே இருப்பவர், மலையாளி. சேட்டன், அதாவது அண்ணன், வரவில்லையா என்று கேட்டார். தலைப்பைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மலையாளத்தில், இப்படி ஒரு சேட்டனைத் தான் பார்த்ததில்லை என்றார். நான் வெயிட் பார்க்கப் போகிற நேரத்தில் வந்து, அனியத்திக்கு ரத்தத்தில் இப்போது எப்படி, அனியத்தி மருந்தை மாற்ற வேண்டிவருமா என்று ஒவ்வொரு மாதமும் விசாரிப்பானாம்.

மலையாளத்தில் தங்கையை அனியத்தி என்பார்கள். தம்பி என்றால் அனியன். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். எப்போதிலிருந்து அப்படிச் சொன்னார் என்று கேட்டேன்.

நர்ஸ் ஆச்சரியமாகப் பார்த்தார். முதல் நாளே என்றார். அன்று பெஞ்சில் சட்டை வேட்டியில் கிடந்த என்னைத் தான் எட்டிப் பார்த்ததாகவும், உறவு எழுதும் இடத்தில் அனியன் என்று எழுதப் போனதாகவும், அண்ணன் குறுக்கே கையை வைத்துத் தடுத்ததாகவும் சொன்னார். “அனியனல்ல. என்டெ அனியத்தியா” என்று, தம்பியல்ல என் தங்கை என்று, தணிந்த குரலில் சொன்னானாம். அப்படியே எழுதச் சொன்னானாம்.

எப்படிச் சொன்னார், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவர் பொறுமையாக மறுபடியும் சொன்னார். மருந்தை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். மலையாளத்தில் வினைச்சொல்லுக்கு ஆண் பெண் கிடையாது. வந்தான் என்றாலும் வந்தாள் என்றாலும் ‘வந்நு’தான். எதையும் சொல்லாமல் அந்த மொழியில் அவன் நழுவியிருக்கலாம். ஆனால் அங்கே உறவைக் கேட்டார்கள். அவன் சொல்லிவிட்டான். வீட்டில் எனக்குச் சட்டை மாட்டி ஜன்னலைச் சாத்தி வைத்திருந்த அதே நாட்களில், யாரோ ஒரு நர்ஸிடம், வேறு மொழியில், நான் கேட்காத தூரத்தில். எனக்கு முன்னால் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அதற்காக அவனை மன்னித்தேனா என்று கேட்டால், அந்த அறையில் கழிந்த ஏழு வருடத்தை ஒரு சொல்லால் திருப்பித் தர முடியாது என்பேன். ஆனால் அவனுடைய தம்பி என்று சொல்லிக்கொண்டு நான் கொள்ளி வைத்தேன். அவனைக் கேட்டிருந்தால் அதை விரும்பியிருக்க மாட்டான் என்று தெரிந்தபோது எல்லாம் எரிந்து முடிந்திருந்தது.

இதெல்லாம் நடந்து பல வருடமாயிற்று. ஒரு பிடி மாத்திரை இப்போது ஒன்றாகக் குறைந்துவிட்டது. சாப்பாட்டுக் கடை இருந்த இடத்தில் போன் விற்கிறார்கள். மைனி மகளோடு நாகர்கோவிலில் இருக்கிறாள்; பண்டிகைக்குப் போன் செய்வாள், மருந்து சாப்பிடுகிறேனா என்று கேட்பாள், பெயர் சொல்லாமல் பேசுவாள். நர்ஸ் சொன்னதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். இதுவரை சொல்லவில்லை. “அது எனக்கும் தெரியுமே” என்று, அன்று என்னைத் தம்பியாக வரவைத்த மைனியே சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.